கொன்றவர் வேறு, வாங்கியவர் வேறு: இறைச்சி உண்பவரின் பொறுப்பு எவ்வளவு?

கேள்வி இது: "விலங்குகளைத் துன்புறுத்துவது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் நான் எந்த விலங்கையும் வளர்க்கவில்லை, கொல்லவும் இல்லை. கடையில் ஏற்கெனவே வெட்டி வைத்திருப்பதைத்தான் வாங்குகிறேன். நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கப்போகிறார். அப்படியிருக்க, அந்த விலங்குக்கு நேர்ந்ததற்கு நான் எந்த வகையில் பொறுப்பாவேன்?"

இதில் இரண்டு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. செய்த கை என்னுடையது இல்லை என்பது ஒன்று. என் செயலால் எதுவும் மாறப்போவதில்லை என்பது மற்றொன்று. ஒன்று தளரும் இடத்தில் மற்றொன்று அதற்கு முட்டுக்கொடுப்பதால் இரண்டையும் பிரித்துத்தான் ஆராய வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குபவருக்குப் பொறுப்பு உண்டு. கொன்றவரின் பொறுப்பிலிருந்து அது தன்மையில் வேறுபட்டது, அதனாலேயே அது இல்லாமல் போய்விடாது. போதுமான மாற்று உணவு எளிதில் கிடைக்கும் நிலையில் இருப்பவர் தொழிற்பண்ணை (விலங்குகளை ஆலைபோலப் பெருமளவில் வளர்க்கும் பண்ணை) இறைச்சியை வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் எதுவும், நான் எண்ணிப் பார்த்தவரை, ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை.

கேள்வி மிகப் பழையது. திருக்குறளின் 256ஆம் குறள் நேராக இதைத்தான் பேசுகிறது: தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்காக ஊன் தருபவரும் எவரும் இரார். கொலையைச் செய்பவர், விற்பவர், உண்பவர் என்ற மூவரையும் ஒரே சங்கிலியில் கட்டி, அந்தச் சங்கிலியை இழுக்கும் முனை உண்பவரிடம் இருக்கிறது என்று அது சொல்கிறது. மகாயான பௌத்த நூலான லங்காவதார சூத்திரத்திலும் இதே வாதம் உண்டு. இதற்கு எதிர்நிலையில் நின்றது பழைய பௌத்த விநய விதி, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதி. தன் பாத்திரத்தில் இடப்பட்ட ஊன் தனக்காகவே கொல்லப்பட்டது என்பதைத் துறவி கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்று ஐயுற்றிருக்கவும் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் அவர் உண்ணலாம். கடையில் வாங்குபவர் இன்று சொல்லும் சமாதானம் பெரும்பாலும் இந்த விதியின் நிழலில்தான் நிற்கிறது: "எனக்கென்று யாரும் கொல்லவில்லையே."

ஆனால் அந்த விதி யாருக்காக வகுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிச்சை ஏற்கும் துறவி எதையும் கேட்டு வாங்குவதில்லை. இட்டதை உண்கிறார், அல்லது பசித்திருக்கிறார். அவர் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அந்த வீட்டார் நாளைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பது பெரிதும் மாறாது. பணம் கொடுத்து வாங்குபவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவர் கொடுக்கும் பணம் இறந்துபோன விலங்குக்கான விலையாக முடிந்துவிடுவதில்லை, அடுத்த விலங்கை வளர்ப்பதற்கான உத்தரவாகவும் அது சங்கிலியின் மறுமுனை வரை செல்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொல்லி எந்த விலங்கையும் கொல்லாத சந்தையில், வாங்கக்கூடிய ஒவ்வொருவருக்காகவும் கொல்லப்படுகிறது என்பதே உண்மை. ஆகவே விநய விதியின் நியாயத்தை உண்மையாகவே கோரக்கூடியவர்கள் சிலர் மட்டுமே: குப்பைக்குப் போகவிருந்த உணவை எடுத்து உண்பவர், விருந்தில் மீந்ததை வீணாக்காமல் உண்பவர் போன்றவர்கள். அவர்கள் உண்பதால் தேவை கூடுவதில்லை. அவர்களுடைய செயலில் விலங்கின் துன்பத்தைப் பொறுத்தவரை நான் எந்தக் குறையும் காணவில்லை.

வாங்கப்படுவது எது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளாமல் பொறுப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. உலகில் ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட நிலவாழ் விலங்குகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. அவற்றில் 7,000 கோடிக்கும் அதிகமானவை கோழிகள். மீன்கள் இந்தக் கணக்கில் இல்லை, அவை எண்ணிக்கையால் அல்லாமல் எடையால் மட்டுமே பதிவு செய்யப்படுகின்றன. எனவே இறைச்சி உண்பதன் அறம் என்று பேசும்போது, மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் பசுவை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது தவறான தொடக்கம். எண்ணிக்கையின்படி பார்த்தால் இது பெருமளவுக்குக் கோழிகளையும் மீன்களையும் பற்றிய கேள்வி.

அந்தக் கோழி எப்படிப்பட்டது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து ஒப்பிட்டார்கள். 56 நாள் முடிவில் 1957ஆம் ஆண்டு இனத்தின் எடை சுமார் 900 கிராம், 1978ஆம் ஆண்டு இனத்தின் எடை சுமார் 1,800 கிராம், 2005ஆம் ஆண்டு இனத்தின் எடை சுமார் 4,200 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் இந்த வேறுபாடு முழுவதும் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தின் விளைவு. இந்த வேகத்தில் ஏறும் சதையை இளம் எலும்புகளும் இதயமும் தாங்குவது கடினம். கால் நோய், நடக்க முடியாமை, இதயச் செயலிழப்பு ஆகியவை இந்த இனங்களோடு சேர்ந்தே வருகின்றன. பல ஆண்டுகள் வாழக்கூடிய பறவை ஐந்து முதல் ஏழு வாரத்தில் வெட்டப்படுகிறது. பண்ணையாளர் இரக்கமற்றவராக இருக்க வேண்டிய தேவையே இங்கு இல்லை. துன்பம் அந்தப் பறவையின் உடலிலேயே வடிவமைக்கப்பட்டுவிட்டது. அன்பான ஒருவர் வளர்த்தாலும் அதைப் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. அமெரிக்காவில் வெட்டும் முன் விலங்கை உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்று 1958இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு கோழிகளுக்கு வழங்கப்படுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையில் மிகுதியாக இருக்கும் உயிருக்கே பாதுகாப்பு மிகக் குறைவாக இருக்கிறது.

முட்டையும் பாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. இறைச்சியைத் தவிர்ப்பவர்களில் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். முட்டையிடும் இனத்தின் ஆண் குஞ்சு முட்டையிடாது, கறிக்கோழி போல வேகமாக வளரவும் செய்யாது. ஆகவே பொரிந்த நாளிலேயே அது அழிக்கப்படுகிறது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகள் இவ்வாறு கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். பெண் குஞ்சு உயிர் பிழைத்து, ஆண்டுக்குச் சுமார் 300 முட்டைகளை இடுகிறது. காட்டில் வாழும் அதன் மூதாதை இடுவது ஒரு டஜன் அளவில்தான். எலும்பிலுள்ள கால்சியமும் முட்டை ஓட்டுக்குப் போவதால் எலும்பு முறிவு இந்தக் கோழிகளிடையே சாதாரணமாகக் காணப்படுகிறது. கறவைத் தொழிலில் பால் சுரக்கக் கன்று பிறந்தாக வேண்டும், பிறக்கும் ஆண் கன்றுக்கோ அந்தத் தொழிலில் இடமில்லை. இறைச்சி உண்ணாத ஒருவர் நாள்தோறும் பல முட்டைகள் உண்டால், எப்போதாவது மாட்டிறைச்சி உண்பவரைவிட அதிக விலங்குகளின் துன்பத்துக்கு அவர் காரணமாவது எளிதில் நேரக்கூடியது.

இனி கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். "நான் ஒருவன் வாங்காவிட்டால் எந்த மாற்றமும் இல்லை" என்பதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. தத்துவ அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டி வருகிறார்கள், ஏனெனில் மேலோட்டமாகப் பார்த்தால் அது உண்மை போலவே தோன்றுகிறது. ஒரு கடைக்காரர் ஒரு கோழி குறைவாக விற்றதைக் கவனித்து, மொத்த விற்பனையாளரிடம் ஒன்றைக் குறைத்துக் கேட்டு, அவர் பண்ணைக்குச் சொல்லி, பண்ணை ஒரு குஞ்சு குறைவாக வாங்குவது நடப்பதில்லை. எல்லாம் பெட்டிக் கணக்கிலும் லாரிக் கணக்கிலும் நடக்கின்றன.

இதற்கான விடை, பெட்டிக் கணக்கு என்பதிலேயே இருக்கிறது. விற்பனை 100 கோழி குறையும்போதுதான் கடைக்காரர் தன் கொள்முதலை 100 குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்காமல் விட்ட 99 பேரின் செயலால் எதுவும் நடக்கவில்லை, நூறாவது ஆளின் செயலால் 100 கோழிகள் குறைகின்றன. அந்த நூறாவது ஆள் நீங்களா என்பது உங்களுக்குத் தெரியாது. நூற்றில் ஒரு வாய்ப்பை நூறு கோழியால் பெருக்கினால் ஒரு கோழி வருகிறது. பெட்டியின் அளவு 1,000 ஆனாலும் 10,000 ஆனாலும் பெருக்கல் பலன் அதேதான். வாய்ப்பு சிறுக்கும்போதெல்லாம் விளைவு அதே அளவுக்குப் பெருக்கிறது. விளைவு உறுதியில்லாத எல்லாச் செயல்களிலும் நாம் இப்படித்தான் கணக்கிடுகிறோம், குறைந்த வாய்ப்பும் பெரிய தீங்கும் சேர்ந்தால் அந்தச் செயலைத் தவிர்க்கிறோம்.

மார்க் புடோல்ஃப்சன் போன்ற சில தத்துவ அறிஞர்கள் இந்தக் கணக்கை மறுக்கிறார்கள். வழங்கல் சங்கிலியில் வீணாவதும் தேங்குவதும் ஏராளம், சிறு ஏற்ற இறக்கங்கள் அந்தத் தளர்வுக்குள்ளேயே கரைந்துவிடும், எனவே ஒரு தனி வாங்குபவரின் எதிர்பார்ப்பு விளைவு (வாய்ப்பை விளைவால் பெருக்கினால் வருவது) சராசரியைவிட மிகக் குறைவாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இது கவனிக்க வேண்டிய மறுப்புதான். ஆனால் தளர்வு அதிகமுள்ள சங்கிலியில் வரம்பைத் தாண்டும் தருணம் அரிதாகிறது, தாண்டும்போது ஏற்படும் மாற்றம் பெரிதாகிறது. நாம் வரம்பிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் வாங்குபவரிடம் இல்லை. மேலும், ஒருவர் வாங்குவது ஒரு கோழியை மட்டுமன்று. பல பத்தாண்டுகள் நீளும் ஒரு பழக்கத்தை, ஆயிரக்கணக்கான விலங்குகளைத் தொடும் ஒரு பழக்கத்தை, அவர் தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்கிறார். அந்த அளவில் பார்க்கும்போது சிறு ஏற்ற இறக்கம் என்ற சொல்லே பொருந்தாமல் போகிறது.

பொருளியல் இந்தச் சிக்கலுக்கு இன்னும் திருத்தமான விடை தருகிறது. ஒருவர் வாங்குவதைக் குறைத்தால் விலை சிறிதளவு இறங்கும், இறங்கிய விலையால் வேறு சிலர் சிறிது கூடுதலாக வாங்குவார்கள். ஆகவே ஒரு கிலோவைக் கைவிட்டால் உற்பத்தி முழுதாக ஒரு கிலோ குறைவதில்லை. பெய்லி நார்வுட், ஜேசன் லஸ்க் என்ற வேளாண் பொருளியலாளர்கள் இருவர் அமெரிக்கச் சந்தையைக் கொண்டு 2011இல் வெளியிட்ட மதிப்பீடுகளின்படி, ஒரு அலகு முட்டையைக் கைவிட்டால் உற்பத்தி 0.91 அலகு குறைகிறது. கோழி இறைச்சியில் 0.76, மாட்டிறைச்சியில் 0.68, பாலில் 0.56. வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. கைவிட்ட கோழி இறைச்சியில் சுமார் கால் பங்கை வேறொருவர் உண்டுவிடுகிறார். மீதி முக்கால் பங்கு வளர்க்கப்படாமலே போகிறது. முழுவதும் மாறுகிறது என்று சொல்பவர் மிகைப்படுத்துகிறார், எதுவும் மாறாது என்று சொல்பவர் அதைவிட மிக அதிகமாகத் தவறுகிறார்.

விளைவுக் கணக்கு இங்கே போதுமான விடை தருகிறது என்றாலும், பொறுப்பு முழுவதும் அதன் மீது நிற்பதாக நான் கருதவில்லை. 1791ஆம் ஆண்டு இதை விளக்க உதவும். அந்த ஆண்டு அடிமை வணிகத்தை ஒழிக்கும் முன்மொழிவை பிரிட்டன் நாடாளுமன்றம் தோற்கடித்தது. அதையடுத்து வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு வெளியீட்டில், அடிமை உழைப்பால் விளைந்த கரீபியத் தீவுகளின் சர்க்கரையைக் கைவிடுமாறு மக்களை அழைத்தார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை பயன்படுத்தும் ஒரு குடும்பம் 21 மாதம் அதைத் தவிர்த்தால் ஒரு மனிதரின் அடிமைத்தனத்தையோ கொலையையோ தடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். கூடவே இன்னொன்றையும் சொன்னார்: அடிமை வணிகரும், அடிமைகளின் உடைமையாளரும், அவர்களைச் சாட்டையால் ஓட்டுபவரும் உண்மையில் நுகர்வோரின் முகவர்கள், அந்தப் பண்டத்தைக் கொண்டுவருவதற்காக நுகர்வோர் அமர்த்திய ஆட்கள். மூன்று லட்சம் பேர் அளவில் சர்க்கரையைக் கைவிட்டதாக அந்த இயக்கத்தின் முன்னணியாளர் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

மனித அடிமைத்தனத்தையும் விலங்கு வளர்ப்பையும் நான் ஒன்றெனச் சொல்லவில்லை. இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வாதத்தின் அமைப்பை மட்டுமே. ஃபாக்ஸின் கணக்கு எண்களில் பிழையாக இருந்திருக்கலாம். 21 மாதத்துக்குப் பதில் 40 மாதம் என்றால் அந்தச் சர்க்கரையைத் தொடர்ந்து வாங்கியவர்கள் குற்றமற்றவர்கள் ஆகியிருப்பார்களா? ஆகியிருக்க மாட்டார்கள். ஒரு தீங்கை அதன் பயனைப் பெறுவதற்காகவே பணம் கொடுத்து நடத்துவோரில் ஒருவராக இருப்பதே, அந்தத் தீங்கு எந்த அளவு நம்மால் கூடிற்று என்பதைச் சாராமல், ஒரு பொறுப்பைத் தருகிறது. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குபவரைச் சட்டம் தண்டிப்பதும் இதே அடிப்படையில்தான். பொருள் ஏற்கெனவே திருடப்பட்டுவிட்டது, நான் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார் என்ற வாதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை, வாங்கியவரைத் திருடர் என்று அது சொல்வதும் இல்லை. தனியான, அளவில் வேறுபட்ட ஒரு தவறாக அதைக் கருதுகிறது.

பொறுப்பு என்பது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள பொருள் என்றும், வெட்டுபவர், பண்ணையாளர், நிறுவனம், அரசு ஆகியோர் எடுத்தது போக மிச்சம்தான் வாங்குபவருக்கு என்றும் பலர் எண்ணுகிறார்கள். பலர் சேர்ந்து செய்யும் செயலில் பொறுப்பு அப்படிக் கரைவதில்லை, ஒவ்வொருவரிடமும் அவரவர் தன்மையில் அது இருக்கிறது. யாருக்கு அதிகம் என்று கேட்டால், யாருக்கு எவ்வளவு வேறு வழி இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். இறைச்சிக்கூடத்தில் நாள் முழுவதும் கத்தியோடு நிற்பவர் பெரும்பாலும் வேறு வேலை கிடைக்காதவர். உடல் காயமும் மனச்சோர்வும் மிகுந்த அந்தப் பணியை விருப்பத்தால் தேர்ந்தவர்கள் குறைவு. கை அவருடையது என்பதற்காக, எல்லா வகை உணவும் அடுக்கப்பட்ட கடையில் நின்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கும் ஒருவரைவிட அவரைப் பெரிய குற்றவாளியாகக் கருதுவது நியாயமாகாது. கொல்லும் வேலையை ஒதுக்குப்புறமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அந்த வேலையைச் செய்ததற்காகவே அவரைத் தாழ்வாகப் பார்க்கும் சமுதாயம் இரட்டைத் தவறு செய்கிறது. அதேபோல, இறைச்சி உண்ணாமையைப் பிறப்பால் வரும் தூய்மையின் அடையாளமாக்கி அதைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பவர்கள் விலங்குக்காகப் பேசுவதாக நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இங்கு பேசப்படுவது விலங்கின் வலி. உண்பவரின் உடலில் தீட்டு சேர்கிறதா என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

வேறு வழி என்ற அளவுகோலையே எல்லா உண்பவர்களுக்கும் பொருத்த வேண்டும். பயிர் விளையாத வறண்ட நிலத்திலும் பனிநிலத்திலும் விலங்குகளைச் சார்ந்தே வாழும் மக்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. கிடைத்ததை உண்டு பிழைக்கும் வறுமையில் இருப்பவர்களுக்கும், குறிப்பிட்ட நோயால் உணவு மிகவும் சுருங்கிப் போனவர்களுக்கும் அது மிகக் குறைந்த அளவிலேயே பொருந்தும். மற்றவர்களைப் பொறுத்தவரை, திட்டமிட்டு அமைத்த தாவர உணவில் வளர்ந்த ஒருவர் நலமாக வாழலாம் என்பதில் உணவியல் துறையில் பரவலான ஒப்புதல் இருக்கிறது. வைட்டமின் பி12ஐ மட்டும் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கட்டாயம் சேர்க்க வேண்டும்.

தெரியாது என்பது எவ்வளவு தூரம் மன்னிப்பாகும்? உண்மையிலேயே தெரியாதவர் மீது பழி குறைவு. ஆனால் இந்தத் துறையில் தெரியாமையின் பெரும்பகுதி தேடிக்கொண்ட தெரியாமை. ஆஸ்திரேலிய உளவியலாளர் பிராக் பாஸ்டியனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு விலங்கு உணவுக்காகக் கொல்லப்படப் போகிறது என்று நினைவூட்டப்பட்டபோது, இறைச்சி உண்பவர்கள் அதே விலங்குக்குச் சிந்திக்கவும் உணரவும் உள்ள திறனைக் குறைத்து மதிப்பிட்டார்கள். விலங்கைப் பற்றிய அறிவு எதுவும் மாறவில்லை, உண்ணப்போகிறோம் என்பது மட்டுமே மாறியது. அறிவியலின் போக்கு இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. விலங்குகளின் உணர்வு பற்றி அறிவியலாளர்களும் தத்துவ அறிஞர்களும் 2024இல் அறிவித்த நியூயார்க் பிரகடனம், மீன்கள் உட்பட முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளுக்கும், கணவாய், நண்டு, பூச்சி போன்ற பல முதுகெலும்பற்றவற்றுக்கும் உணர்வனுபவம் இருப்பதற்கான நியாயமான சாத்தியம் உண்டு என்கிறது. பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் கணவாயையும் நண்டையும் உணர்வுள்ள விலங்குகளாக ஏற்றுக்கொண்டது.

அடிக்கடி எழும் இரண்டு எதிர்வாதங்களைத் தொட்டுச் செல்கிறேன். இறைச்சிக்குத் தேவை இல்லையென்றால் இந்த விலங்குகள் பிறந்தே இராது, ஆகவே உண்பவர் அவற்றுக்கு நன்மை செய்கிறார் என்று 1896இல் ஆங்கில எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன் எழுதினார். இது நின்றால் கூட, வாழத்தக்க வாழ்வு பெற்ற விலங்குக்கு மட்டுமே நிற்கும். நடக்கவே வலிக்கும் உடலோடு ஆறு வாரம் வாழும் கோழிக்கு உயிர் கொடுத்ததை நன்மை என்று சொல்ல வாய் வராது. மேலும், பிறக்காத உயிர் எதையும் இழப்பதில்லை, இழப்பதற்கு யாரும் இல்லை என்று விலங்குரிமை எழுத்தாளர் ஹென்றி சால்ட் அளித்த மறுப்பை இதுவரை யாரும் திருப்தியாகத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது எதிர்வாதம் பயிர்த்தொழிலும் எலி, தவளை போன்ற உயிர்களைக் கொல்கிறது என்பது. 2003இல் விலங்கறிவியலாளர் ஸ்டீவன் டேவிஸ் இதை முன்வைத்து, மேய்ச்சல் மாட்டை உண்பதே குறைந்த உயிர்களைக் கொல்லும் என்றார். அதே ஆண்டு காவெரிக் மாத்தினி அதிலிருந்த பிழையைக் காட்டினார். டேவிஸ் ஓர் ஹெக்டேருக்கு எத்தனை உயிர் என்று எண்ணியிருந்தார். ஒரு மனிதருக்குத் தேவையான உணவுக்கு எத்தனை உயிர் என்று எண்ணியிருந்தால் முடிவு தலைகீழாகும், ஏனெனில் ஒரே நிலம் பயிரால் மிக அதிகமானோருக்கு உணவளிக்கிறது. 2018இல் வெளியான பூர், நெமெசெக் ஆகியோரின் ஆய்வின்படி, உலகின் வேளாண் நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் விலங்குவழி உணவு, தருவது கலோரியில் 18 சதவீதமும் புரதத்தில் 37 சதவீதமும்தான்.

நன்றாக வளர்த்து, வலியின்றிக் கொன்ற விலங்கைப் பற்றித்தான் எனக்கு உறுதி குறைகிறது. திறந்த வெளியில், தன் இயல்பின்படி நடமாடி வாழ்ந்த ஒரு விலங்கின் இறைச்சியையும் கூண்டுக்கோழியின் இறைச்சியையும் ஒரே தவறாகக் கருதுபவரோடு நான் உடன்படவில்லை. முன்னதில் உள்ள குறை, தொடர விரும்பும் ஓர் உயிரைச் சுவைக்காக இடையில் முடிப்பது. பின்னதில் அதோடு வாழ்நாள் முழுவதும் நீளும் துன்பமும் சேர்கிறது. முன்னதும் தவறுதான் என்று நான் சாய்கிறேன், ஆனால் நியாயமுள்ள ஒருவர் இதில் என்னோடு மாறுபடலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடைமுறையில், இப்படி வளர்க்கப்படும் விலங்குகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. இன்றைய அளவுக்கு எல்லோரும் உண்ண அந்த முறையில் வளர்க்க நிலம் போதாது. அந்த நல்ல பண்ணையை வாதத்தில் காட்டிவிட்டு வேறு இடத்தில் வாங்குவது நேர்மையாகாது.

முழுவதும் நிறுத்த இயலாதவர் எங்கே தொடங்குவது என்பது முக்கியமான கேள்வி, ஏனெனில் தவறான இடத்தில் தொடங்கினால் தீங்கு கூடிவிடும். உடல்நலத்துக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுபவர்கள் பலர். ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கும் மேல் இறைச்சி கிடைக்கிறது, ஒரு கோழியிலிருந்து இரண்டு கிலோ அளவே. அதே எடைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், அவையும் பெரும்பாலும் மாட்டைவிட மோசமான வாழ்வு வாழ்ந்தவை, கொல்லப்படுகின்றன. வெப்பமாதலுக்குக் காரணமான வாயுக்களைப் பார்த்தால் நிலை நேர் எதிர், மாட்டிறைச்சி பல மடங்கு கேடு செய்கிறது. இரண்டு தீங்குகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், ஒரு விலங்கிலிருந்து இன்னொரு விலங்குக்கு மாறுவது ஒரு பொறுப்பை இறக்கி வைத்து மற்றொன்றை ஏற்றிக்கொள்வதாக முடிகிறது. இரண்டையும் ஒருசேரக் குறைப்பது பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்துக்கு மாறுவது மட்டுமே. விலங்கின் துன்பத்தை முதன்மையாகக் கொண்டால், முதலில் குறைக்க வேண்டியவை கூண்டுக்கோழி முட்டையும், கறிக்கோழியும், பண்ணை மீனும்.

வாங்குபவரின் பொறுப்பு வாங்குவதோடு முடிவதில்லை. சர்க்கரைப் புறக்கணிப்பு அடிமைத்தனத்தை ஒழிக்கவில்லை. அடிமை வணிகத்தை நிறுத்திய 1807ஆம் ஆண்டுச் சட்டமும் அடிமைத்தனத்தை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டமுமே அதைச் செய்தன. ஆனால் தன் வீட்டு மேசையிலிருந்து சர்க்கரையை அகற்றிய குடும்பங்களே மனுக்களில் கையெழுத்திட்டன, சட்டத்துக்கான மக்கள் ஆதரவு அங்கேதான் திரண்டது. அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் இத்தகைய பொறுப்பைப் பழியிலிருந்து பிரித்துக் காட்டினார். அநீதியான ஓர் அமைப்பில் பங்கேற்பவர், கடந்ததற்குத் தண்டிக்கப்பட வேண்டியவர் என்பதைவிட, அந்த அமைப்பை மாற்ற மற்றவர்களோடு சேர்ந்து உழைக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் பார்வை. இறைச்சியைப் பொறுத்தவரை இந்தப் பார்வையே எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

விலங்குப் பண்ணைகளில் நடந்த உண்மையான மாற்றங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய விதி, ஒரு கோழிக்கு ஏ4 தாளைவிடக் குறைந்த இடம் தரும் பழைய வகைக் கூண்டை 2012 முதல் தடைசெய்தது. பிரிட்டன் சினைப்பன்றிகளைத் திரும்பக்கூட முடியாத கூண்டில் அடைப்பதை 1999இல் நிறுத்தியது. ஜெர்மனி 2022 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைத் தடுத்தது. கலிஃபோர்னியா மக்கள் 2018இல் வாக்களித்து, மிகக் குறுகிய கூண்டுகளில் வளர்க்கப்பட்ட விலங்குகளின் இறைச்சியும் முட்டையும் தங்கள் மாநிலத்தில் விற்கப்படக் கூடாது என்று முடிவு செய்தார்கள். தொழில்துறை வழக்குத் தொடுத்தும் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. இவற்றில் ஒவ்வொன்றும் எந்தத் தனி வாங்குபவரும் தன் வாழ்நாளில் தவிர்க்கக்கூடியதைவிடப் பல மடங்கு துன்பத்தைக் குறைத்தது. இவற்றின் எல்லையும் தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பா பழைய கூண்டைத் தடைசெய்தபோது சற்றே பெரிய கூண்டை அனுமதித்தது. அதையும் ஒழிப்பதற்கான சட்ட முன்மொழிவை 2023க்குள் கொண்டுவருவதாக ஐரோப்பிய ஆணையம் 2021இல் அறிவித்த கெடு, முன்மொழிவு வராமலே கடந்துபோனது. மக்களின் அழுத்தம் தளர்ந்த இடத்தில் வாக்குறுதியும் தளர்ந்தது.

ஆகவே உங்கள் தட்டில் உள்ளதை மாற்றுவதோடு, உங்கள் குரலுக்கு மதிப்பு இருக்கும் இடங்களையும் கவனியுங்கள். ஒரு பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் ஆகியவற்றின் உணவகம் கொள்முதல் செய்யும் முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே தாவர உணவு சுவையாகவும் எளிதில் கிடைப்பதாகவும் இருந்தால், இந்த வாதங்களில் ஒன்றையும் கேட்டிராத பலர் அதைத் தாங்களாகவே எடுத்துக்கொள்வார்கள். அத்தகைய ஒரு கொள்முதல் முடிவு நூற்றுக்கணக்கானோரின் தேவையை ஒரே நாளில் மாற்றுகிறது. மொத்தமாக வாங்கும் அந்த இடத்தில், ஒருவரின் விலகல் சங்கிலிக்குள் கரைந்துவிடும் என்ற ஐயத்துக்கும் வேலையில்லை.